அர்த்தம் கேட்காதவர்

அவர் பேச ஆரம்பித்தால், பேசுவது யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். எட்டு வருஷம் அவர் பக்கத்திலேயே கடை போட்டிருந்தவள் நான். எனக்கே கடைசிவரை அந்தப் பழக்கம் விடவில்லை. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. இன்னும் சில சமயம் முதுகுக்குப் பின்னால் யாராவது வெளிநாட்டுக்காரர் பேசினால் சட்டென்று திரும்புகிறேன்.

ஃபோர்ட் கொச்சியில் கடற்கரைத் திடலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம். பெயர் வேண்டாம். அதன் கேட்டுக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில் என் தள்ளுவண்டி நிற்கும். எலுமிச்சை சோடா, ஓலைத் தொப்பி, பட அட்டை. கோவில்பட்டியில் பிறந்து, மட்டாஞ்சேரியில் வாக்கப்பட்டு, ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கும் புருஷனின் சம்பளம் பத்தாமல் வெயிலில் வந்து நின்றவள். பேய் பிசாசை நம்புவதற்கு எனக்கு நேரம் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு என்னை அந்த ரகத்தில் சேர்த்துவிடக் கூடாது.

அவர் வழிகாட்டி. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிற வழிகாட்டி இல்லை, சும்மா வாசலில் நின்று கூப்பிடுகிறவர். மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிற, வீட்டில் தமிழ் பேசுகிற ராவுத்தர் குடும்பம். வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேட்டியை இடப்பக்கம் செருகிக்கொண்டு, கையில் மடக்குக் குடையோடு காலை எட்டரைக்கு வந்துவிடுவார். என் வண்டியில் ஒரு ஸ்டூல் உண்டு. எனக்காக வாங்கியதுதான். நான் அதில் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை.

"தங்கச்சி, ஒரு சாயா தா" என்பார். நான் விற்பது சோடா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கென்று ஃப்ளாஸ்கில் கொண்டுவந்ததைத்தான் ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

அவருக்கு ஒன்பது மொழி தெரியும் என்று அந்தப் பக்கத்தில் பேச்சு. உண்மையில் வீட்டுத் தமிழும் தெரு மலையாளமும் வழி சொல்கிற அளவுக்கு இங்கிலீஷும்தான் தெரியும். ஆனால் ஜெர்மன்காரர் வந்தால் ஜெர்மனில், பிரெஞ்சுக்காரர் வந்தால் பிரெஞ்சில், அந்தத் தேவாலயத்தின் கதையை முதல் கல்லறைக் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை ஒரு சொல் தடுக்காமல் சொல்லுவார். அட்டை தொங்கவிட்ட வழிகாட்டிகளே, தங்களுக்குத் தெரியாத மொழிக்காரர் வந்துவிட்டால் கேலியை நிறுத்திக்கொண்டு இவரைத்தான் தேடி வருவார்கள்.

அவர் படித்த விதம் இதுதான். புதிதாக ஒரு தேசத்து ஆள் தனியாக வந்து மாட்டினால், இலவசமாகவே கூட்டிப்போவார். சீன மீன்வலை, டச்சுக் கல்லறைத் தோட்டம், மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் தெரு, மிளகு கிட்டங்கிகள் எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில் தேவாலயத்துக்குள் அழைத்து வருவார். தரையிலும் சுவரிலும் பதித்திருக்கிற கல்லறைக் கற்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, தன் ஓட்டை இங்கிலீஷில் விஷயத்தைச் சொல்லுவார். வந்தவர் அதைத் தன் மொழியில் இவர் போனில் பேசிப் பதிய வேண்டும். அதுதான் கூலி. பிறகு மூன்று நாள் விடியற்காலை போனைக் காதில் வைத்துக்கொண்டு கடலோரமாக நடப்பார். நாலாம் நாள் பாடம் தயார். உடனே போனில் இருப்பதை அழித்துவிடுவார்.

"எதுக்குண்ணே அழிக்கிறீங்க? மறந்து போச்சுன்னா?"

"உள்ள போயாச்சில்லே தங்கச்சி. பின்னே அது எதுக்கு?"

அர்த்தம் கேட்கமாட்டார். எந்தச் சொல்லுக்கும், எவரிடமும். அதில் அவர் தொழுகை நேரத்தைப் போலக் கறாராக இருந்தார். "அர்த்தம் அறிஞ்சா நாக்கு அதுபாட்டுக்கு ஓடும். ஒண்ணைக் கூட்டும், ஒண்ணைக் குறைக்கும். அறியாதவன்தான் சரியாச் சொல்லுவான்" என்பார். இன்னொன்றும் உண்டு. கல்லைப் பார்க்காமல் அவருக்கு ஒரு வார்த்தை வராது. வெளியே வைத்துச் சொல்லச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். உள்ளே போய் முதல் கல்லின் முன் நின்றால் போதும், குழாயைத் திறந்த மாதிரி கொட்டும்.

சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் ஆளையே எடுத்துக்கொண்டதுதான் விசேஷம். சொல்லிக்கொடுத்தவர் எங்கே தொண்டையைச் செருமினாரோ அங்கே செருமுவார். எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கே வாங்குவார். ஜெர்மன் பேசும்போது ஒல்லிப்பிச்சானாக இருக்கிற அவருக்குத் தொப்பை வைத்ததுபோல இருக்கும். பிரெஞ்சு ஒரு கிழவியின் குரல். நடுவில் ஓரிடத்தில் கையால் கன்னத்தில் பட்டென்று தட்டிக்கொள்வார். அந்த அம்மாவைக் கொசு கடித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் இத்தாலிக் குடும்பம் ஒன்று வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. என்னிடம் சோடா குடித்தபடி அந்தக் குடும்பத்துக்காரர் இங்கிலீஷில் விளக்கினார். கப்பல் தலைவன் ஒருவனின் கல்லறையைப் பற்றி உருக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்த இவர், நடுவில் அதே உருக்கத்தோடு, 'கையை எடு, அதைத் தொடாதே, வெளியே போனதும் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன்' என்கிறாராம். சொல்லிக்கொடுத்த ஆள் கூடவே பிள்ளையை அழைத்து வந்திருக்கிறார் போல.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? அவர் வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முகம் செத்துப்போயிற்று.

"அந்த ஐஸ்கிரீமு எந்த இடத்துல வருது?"

"எனக்கென்னண்ணே தெரியும். அத மட்டும் எடுத்துட்டுச் சொல்லுங்களேன்."

"எங்க தொடங்கி எங்க வரைக்கும்னு எடுக்க? ஒரு இழையை இழுத்தா முழுத் துணியுமல்லே கையோட வரும்."

அப்படித்தான் ஆயிற்று. அடுத்து வந்த இத்தாலிக்காரர்களிடம் மூன்றாவது கல்லில் திக்கினார். ஐஸ்கிரீம் எங்கே வருகிறதென்று அவருடைய காதே காத்துக்கொண்டிருந்தது. ஒரே மாதத்தில் இத்தாலி மொழி முழுக்கப் போய்விட்டது. நாலு நாள் என்னோடு பேசவில்லை. சாயாவை மட்டும் வாங்கிக்கொண்டு ஸ்டூலை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். விளையாட்டாகச் சொன்னது இப்படி முடிந்ததில் எனக்கும் வருத்தம்தான்.

அவரிடம் எனக்குப் பயம் வந்தது அதற்கப்புறம்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசை வீடுகளில் நாலாவது வீட்டுக்காரர், சுக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர், ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனார். தென்காசிப் பக்கத்து ஆள். அவருடைய சம்சாரம் பித்துப் பிடித்த மாதிரி இருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ, நாற்பது நாள் கழித்து, பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்த எங்கள் வழிகாட்டியிடம் வந்து நின்றாள். "அவுக வேலைவிட்டு வந்து என்னக் கூப்பிடுவாகல்ல, அது மாதிரி ஒரே ஒருக்கா கூப்பிடுங்க" என்று அழுதாள். இவர் முடியாது முடியாது என்றார். அவள் எழுந்திருக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். இவர் வெளியே நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "ஏ புள்ள, கதவத் தொற. கால் நோவுது" என்றார். அவ்வளவுதான். என் கையிலிருந்த ஈரத்துணி கீழே விழுந்துவிட்டது. செத்துப்போன மனுஷர் அந்த வார்த்தையை அதே இழுவையோடு ஆயிரம் நாள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிட்டங்கி ஓட்டின்மேல் படுத்திருந்த, செத்தவர் வளர்த்த பூனை குதித்து ஓடிவந்து இவர் காலில் உரசியது. கதவு திறந்தது. அவள் இவரைப் பார்க்கவே இல்லை. இவரைத் தாண்டி, இவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஏதோ புரிந்த மாதிரி நகர்ந்து வழிவிட்டாள், பின்னால் நிற்கிறவர் உள்ளே போகட்டும் என்கிற மாதிரி.

மறுநாள் இவர் சாயாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். "இனி இல்ல தங்கச்சி. இனி யாரு கேட்டாலும் இல்ல" என்றார். சொன்னபடியே இருந்தார். ஆனாலும் அந்தப் பூனை அதற்கப்புறம் அவர் வீட்டுக்குப் போய்விட்டது.

இதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அந்தச் சின்ன நாட்டு மொழிக்கு வரவேண்டும். எந்த நாடு என்று சொல்லமாட்டேன். பனி விழுகிற ஊர், ஜனத்தொகை குறைவு, அதனால் வருகிறவர்களும் குறைவு. வருஷத்துக்கு நாலைந்து பேர் வந்தால் அதிகம். அந்த மொழிதான் அவருடைய செல்லம். மத்தியான நேரம் வியாபாரம் இல்லாவிட்டால், உள்ளே குளிர்ச்சியாக இருக்குமே என்று நானும் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்காருவேன். ஆள் இல்லாத நேரத்தில் மறந்துவிடக் கூடாதென்று கல்லுக்குக் கல் நடந்து அவர் அதைச் சொல்லிப் பார்ப்பார். கேட்டுக் கேட்டு எனக்கே அது பழைய பாட்டு மாதிரி மனதில் நின்றுவிட்டது. இளம் பெண்ணின் குரல். தாழ்ந்த குரல், கொஞ்சம் சளி பிடித்த மாதிரி. கடைசிக் கல் ஒரு குழந்தையுடையது. அந்த இடம் வந்ததும் குரல் இன்னும் மெதுவாகும், பிறகு நிதானமாக நீளமாக ஏதோ போகும், அப்புறம் முடியும்.

கேட்டுவிட்டு வெளியே வருகிற அந்த நாட்டு ஆட்களின் முகம்தான் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வயதான தம்பதி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். ஒரு ஆள் வாசலிலேயே நின்று இவரிடம் இங்கிலீஷில் சத்தம் போட்டான். இவர் கூலி அதிகம் என்கிறான் போல என்று நினைத்து வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார். அவன் அதை வாங்காமல் போய்விட்டான். ஒரு பெண் என் வண்டியைக் கடந்து ஓடினாள்.

"அந்த பாஷைக்கு ஒரு சக்தி உண்டு தங்கச்சி. கல்லு மனசுக்காரனும் கரைஞ்சு போறான்" என்று அவர் பெருமைப்பட்டார்.

அதைச் சொல்லிக்கொடுத்த பெண்ணைப் பற்றியும் அவரே சொல்லியிருக்கிறார். நான் வண்டி போடுவதற்கு நாலு வருஷம் முன்னால் வந்தவளாம். வெயிலில் மூக்கு உரிந்துபோன சின்னப் பெண். "மற்றவங்க எல்லாம் பேசிப் பதிஞ்சிட்டு சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. இந்தக் குட்டி போகல்லே. மூணு நாளும் காலையில வந்தா. நான் சொல்லச் சொல்லக் கேட்டா. கடைசிக் கல்லு பாகம் மட்டும் பத்து தடவை திரும்பத் திரும்பச் சொல்ல வச்சா. ஒரு எழுத்து பிசகினா விடமாட்டா. அவளப் போல ஒரு வாத்தியாரு எனக்குக் கிடைச்சதில்ல. எல்லாம் சரியாச்சுன்னதும், வைப்பின் தீவுக்குப் போற போட்டுக்கு வழி கேட்டா. போட்டு ஜெட்டி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போட்டு வந்தது, ஏறிப் போனா."

ஒரு டிசம்பரில், களமசேரிப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் படிக்க வந்திருந்த அந்த நாட்டு மாணவி ஒருத்தி தேவாலயம் பார்க்க வந்தாள். இவர் சந்தோஷமாக உள்ளே அழைத்துப்போனார். இருபது நிமிஷத்தில் அவள் மட்டும் வெளியே வந்து என் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொப்பியெல்லாம் ஆடியது. சோடா கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அவருக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டாள். சொன்னேன். பிறகு அவள், எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாக, ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னாள். முதல் கல்லிலிருந்து எல்லாம் சரிதான், தேவாலயத்தின் கதைதான். கடைசிக் கல்லில் மட்டும் இப்படி வருகிறதாம்:

'என் பெயர் இது. என் ஊர் இது. என் மொழிக்காரர் யாராவது இதைக் கேட்டால் என் அம்மாவிடம் சொல்லுங்கள். நான் திரும்பி வரப்போவதில்லை. யாரும் என்னைக் கொண்டுபோகவில்லை, நானாகத்தான் போகிறேன். அம்மா, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னைத் தேடாதே. இந்தக் கல்லில் இருக்கும் குழந்தைக்கு இரண்டு வயது. வாசலில் படி இருக்கிறது, பார்த்து நடங்கள்.'

நல்ல வெயில். ஸ்டூலை இழுத்து அவளை உட்காரவைத்தேன். அந்தப் பெண் போனில் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினாள். கிடைத்தது. காணவில்லை என்ற அறிவிப்பு, ஒரு படம், மூக்கு உரிந்த முகம். அவளுடைய அம்மா ஒவ்வொரு வருஷமும் மகளின் பிறந்தநாளன்று அதே படத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். வடக்கே ஏதோ ஓர் ஊரில் கடைசியாகப் பார்த்தார்கள் என்று அதில் இருந்தது. கொச்சி என்ற பேச்சே இல்லை. அந்த மகள் இங்கே வந்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே தடயம் இவர் வாய்.

மாணவி அன்றே அந்த அம்மாவுக்கு எழுதினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. விசா கிடைத்ததும் புறப்படுகிறேன், அந்த மனிதரைச் சொல்லச் சொல்லி நான் கேட்க வேண்டும் என்று.

"இப்பவே அவர்ட்ட சொல்லணும். பன்னெண்டு வருஷமா என்ன சொல்லிட்டிருக்கார்னு அவருக்குத் தெரியணும்ல" என்கிற அர்த்தத்தில் மாணவி கொதித்தாள். நியாயம்தான். நான் அவளைத் தடுத்தேன். இத்தாலி மொழி போன கதையைச் சொன்னேன். உள்ளே பதிவு செய்யக் கூடாது என்று தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற கப்பியார் கறாராக இருந்தார். வெளியே வைத்துச் சொன்னால் இவருக்கு வராது. அர்த்தம் தெரிந்துவிட்டால் அதுவும் போய்விடும். அந்த அம்மா அவ்வளவு தூரம் வந்து நின்று, இவர் திக்கித் திணறினால்? மகளின் குரல் என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். வந்து கேட்டுவிட்டுப் போகட்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

அந்த ஒன்றரை மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தினம் அவருக்குச் சாயா ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தொப்பியை அடுக்குவேன். ஒரு மனுஷரைப் பாத்திரம் மாதிரி, சிந்திவிடாமல் பத்திரமாக வைத்திருந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அம்மா வருகிறாள் என்பதை மட்டும் சொல்லியே ஆகவேண்டியிருந்தது.

"அண்ணே, அந்தச் சின்ன நாட்டு மொழி சொல்லிக்கொடுத்திச்சே ஒரு பொண்ணு, அதோட அம்மா வர்றாங்க. நீங்க சொல்றதக் கேக்கணுமாம்."

முகம் மலர்ந்துவிட்டது. "அந்தக் குட்டிக்க உம்மாவா? அல்லாஹ்! குட்டி சுகமா இருக்கா?"

"இருக்காண்ணே."

"அவ ஏன் வரல்லே?"

"வேலையாம்."

இந்த இரண்டு பொய்யையும் அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அந்த அம்மா பிப்ரவரியில் வந்தாள். உயரமான பெண், நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை, ஆபீஸ் காரியமாக வந்தவள் மாதிரி இருந்தாள். இவர் இஸ்திரி போட்ட சட்டையும் அத்தர் வாசனையுமாக வந்திருந்தார். மகளுக்குக் காட்டிய வரிசையிலேயே அம்மாவுக்கும் காட்டுவேன் என்று அடம்பிடித்து, வலை, கல்லறைத் தோட்டம், அரண்மனை, யூதர் தெரு எல்லாம் நடத்திக் கூட்டிவந்தார். ஒவ்வோரிடத்திலும் அந்த அம்மா தரையைப் பார்த்தாளாம். மாணவிதான் சொன்னாள். பதினொன்றரைக்குத் தேவாலயத்துக்குள் போனோம். வண்டியை அப்படியே விட்டுவிட்டு நானும் போனேன்.

உள்ளே கப்பியாரைத் தவிர யாரும் இல்லை. மேலே பழைய துணி விசிறிகள் அசையாமல் தொங்கின. இவர் முதல் கல்லின் முன் நின்று, குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

அந்தக் குரல் வந்ததும் அம்மா பக்கத்திலிருந்த பெஞ்சைப் பிடித்தாள். அவ்வளவுதான். அழவில்லை. கல்லுக்குக் கல் அவர் நகர, கூடவே நகர்ந்தாள். நான் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு போனேன். திக்கிவிடக் கூடாது, திக்கிவிடக் கூடாது என்று என் குலதெய்வத்தைக்கூட வேண்டிக்கொண்டேன். திக்கவில்லை. கடைசிக் கல்லுக்கு வந்தார். குரல் மெதுவானது. பெயர் வந்தது, ஊர் வந்தது. நானாகத்தான் போகிறேன் வந்தது. மாணவி சொல்லிக்கொடுத்ததிலிருந்து எது எந்த வரி என்று எனக்கும் தெரியும். 'அம்மா, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை' வந்தது.

அப்போது அந்த அம்மா ஏதோ கேட்டாள். சத்தமாக இல்லை. அடுப்படியிலிருந்து அடுத்த அறையில் இருக்கிற மகளைக் கேட்கிற மாதிரி, சின்னதாக ஒரு கேள்வி.

எட்டு வருஷத்தில் அவர் நடுவில் நின்று நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் கத்தினாலும், மணி அடித்தாலும், வெளியே வெடி போட்டாலும் அவர்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார். நின்றால் அறுந்துவிடும் என்று பயம். அன்றைக்கு நின்றார். அம்மாவைப் பார்க்கவில்லை. கல்லைத்தான் பார்த்தார். பிறகு அந்தக் குரலில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

அது பாடத்தில் கிடையாது. அந்தப் பாடத்தின் ஒவ்வொரு சத்தமும் எனக்கு வாய்ப்பாடு மாதிரித் தெரியும். அந்த இடத்தில் அப்படி ஒரு சொல் இல்லவே இல்லை. மாணவியின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அவர், விட்ட இடத்திலிருந்து, என்னைத் தேடாதே, குழந்தைக்கு இரண்டு வயது, வாசலில் படி இருக்கிறது என்று வழக்கம்போல முடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்து மரத்தடியில் அந்த அம்மா நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவர் கை கழுவக் குழாய்ப் பக்கம் போயிருந்தார். நான் மாணவியைப் பிடித்து உலுக்கினேன்.

"அந்தம்மா என்ன கேட்டாங்க?"

"பொய் சொல்லாதே, கோபம்தானே, என்று கேட்டாள்."

"அவர் சொன்னது?"

"ஆமாம்."

தரையில் அந்த அம்மா அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாள். மாணவியிடம் என்னமோ விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். போலீஸ்காரர், சொந்தக்காரர், டிசம்பரில் இந்த மாணவி எழுதிய கடிதம், எல்லோரும் கோபமில்லை கோபமில்லை என்றே சொன்னார்களாம். அதை ஒரு நாளும் நம்ப முடியவில்லையாம். தன் மகள் அவ்வளவு சுலபத்தில் விடுகிறவள் இல்லையாம். இப்போது சொன்னாளே, இதுதான் அவள், இதுதான் என் பெண் என்று நெஞ்சில் தட்டிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் அவளைப் பார்த்தேன் என்றாள்.

இவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அந்த அம்மாவைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"எந்தா தங்கச்சி, உம்மா அழுறாங்க? நான் எங்கேயும் பிசகிட்டேனா? நடுவுல ஏதும் விட்டுப்போச்சா?"

"இல்லண்ணே. எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க."

"சத்தியமா?"

"சத்தியமாண்ணே."

அவருக்கு நிம்மதியாயிற்று. அந்த அம்மாவின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, மாணவியிடம் சொன்னார்: "உம்மாட்ட சொல்லு மோளே. வீட்டுக்குப் போனதும் அந்தக் குட்டிகிட்ட சொல்லச் சொல்லு, அவ படிப்பிச்சதுல ஒரு சொல்லும் நான் மறக்கல்லேன்னு."

நான் இங்கிலீஷாக்கிக் கொடுக்க, மாணவி அதைத் தன் மொழியில் சொன்னாள். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இரண்டு சொல்லில் பதில் சொன்னாள்.

"கட்டாயம் சொல்வாங்களாம்" என்று, மாணவி வாய் திறப்பதற்கு முன்னால் நான் அவருக்குச் சொன்னேன்.